பெட்டி யாருடையது? மும்பையின் மலிவு ரௌட்டர்களும் அவற்றுள் இருக்கும் மென்பொருளும்

2008ஆம் ஆண்டின் மூன்று மாதங்களில், மும்பைப் பெருநகரப் பகுதியின் மூன்று கம்பியற்ற இணைய இணைப்புகள் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளாயின. ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பை சான்பாடாவில் ஒரு குடியிருப்பின் இணைய முகவரியைக் காட்டியது. ஆகஸ்ட் 23 அன்று வந்த அடுத்த மின்னஞ்சலின் தடம் மாட்டுங்காவில் உள்ள ஒரு கல்லூரியில் முடிந்தது. செப்டம்பர் 13 அன்று தில்லி குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மின்னஞ்சலின் தடம் செம்பூரில் ஒரு தனியார் அலுவலகத்துக்குச் சென்றது. மூன்று இடங்களிலும் இணைப்பின் உரிமையாளர் வேறு, அதைப் பயன்படுத்தியவர் வேறு. போதிய பாதுகாப்பு இல்லாத வைஃபை அலையைச் சுவருக்கு வெளியிலிருந்து எவரோ பயன்படுத்திக்கொண்டனர்.

வீட்டு மூலையில் விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்த ரௌட்டர் என்னும் சிறு பெட்டி மும்பையில் பொது விவாதத்துக்கு வந்தது அப்போதுதான். ‘உரிமையாளர் ஏன் பூட்டவில்லை?’ என்ற கேள்வியே எங்கும் எழுந்தது. பூட்டு திறந்தே இருக்கும்படி அந்தப் பெட்டியை ஆலையிலிருந்து அனுப்ப முடிவெடுத்தவர் யார், அம்முடிவை மாற்றும் வழி வாங்கியவருக்கு எந்த அளவு இருந்தது என்ற கேள்வி எழவில்லை. மலிவு ரௌட்டர்களின் வரலாறு உண்மையில் இந்த இரண்டாவது கேள்வியின் வரலாறுதான். அதில் பாதுகாப்பும் வேகமும் ஒரே முடிச்சின் இரு நுனிகள்.

*

ரௌட்டர் என்பது ஒரு சிறு கணினி. அதற்குச் செயலி உண்டு, நினைவகம் உண்டு, இயங்குதளமும் உண்டு. சாதனத்துக்குள் நிலையாகப் பதிக்கப்பட்ட அந்த மென்பொருளே ஃபர்ம்வேர். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் லிங்க்சிஸை ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்பில் வாங்கப்போவதாக சிஸ்கோ அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்ற நிரலாளர், இந்த ரௌட்டரின் ஃபர்ம்வேர் லினக்ஸைக் கொண்டு எழுதப்பட்டிருப்பதையும், அதற்குரிய மூலநிரல் வெளியிடப்படாததையும் லினக்ஸ் உருவாக்குநர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் தாராளமானது. ஆனால் ஒரு நிபந்தனை கொண்டது: அந்த நிரலைப் பொருளில் வைத்து விற்பவர், வாங்கியவருக்கு மூலநிரலையும் தர வேண்டும். சில வாரங்களில் நிரல் வெளியாயிற்று. 2004 தொடக்கத்தில் அதை அடிப்படையாகக் கொண்டு ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. அடுத்து டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ முதலியவை வந்தன. உரிம ஆவணத்தின் ஒரு நிபந்தனை, வீட்டுச் சாதனம் ஒன்றை அதன் உரிமையாளர் திறந்து மாற்றக்கூடிய கணினியாக ஆக்கியது.

உற்பத்தியாளரின் பதிலும் இவ்வரலாற்றின் பகுதி. 2005இல் அதே மாதிரியின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் நீக்கப்பட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற தனியுரிம இயங்குதளம் வந்தது. நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆகவும், சேமிப்பு 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும் குறைந்தன. பழைய வன்பொருளை விரும்பியவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற தனி மாதிரி விற்பனைக்கு வந்தது. ஒரே பெட்டியில் எல்லோருக்கும் கிடைத்த சுதந்திரம், கேட்டு வாங்குவோருக்கான தனிச் சரக்காகப் பிரிக்கப்பட்டது.

*

இந்தியாவில் இம்மாற்றம் பயன்படத் தொடங்கியதற்கு ஒரு சட்ட முடிவு காரணம். 2005 ஜனவரியில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த ஆற்றல் சாதனங்களுக்கு உரிம விலக்கு அளித்து நடுவணரசு விதிகளை வெளியிட்டது. அதன்பின் கட்டடத்துக்கு வெளியேயும் வைஃபை இணைப்பு அமைப்பது சட்டப்படி எளிதாயிற்று.

முதல் பெரிய சோதனை மும்பையிலிருந்து வெகு தொலைவில் நிகழ்ந்தது. இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் யாஹெல் பென்-டேவிட் முதலானோர் அமைத்த சமூக வலைப்பின்னல், 2005 பிப்ரவரி முடிவதற்குள் எட்டு வளாகங்களை இணைத்தது. அதற்குப் பயன்பட்டவை வீட்டு உபயோகத்துக்கென விற்கப்பட்ட, ஃபர்ம்வேர் மாற்றப்பட்ட லிங்க்சிஸ் ரௌட்டர்கள். ஒரு வீட்டின் கூடத்துக்காகச் செய்யப்பட்ட பெட்டி, மலைச்சரிவுகளுக்கு இடையே செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் அஞ்சல் நிலையமாயிற்று.

தமிழ்நாட்டின் எடுத்துக்காட்டு இன்னும் துல்லியமானது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் பார்வை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபையால் இணைக்கும் பணியில் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஈடுபட்டது. நோயாளி ஊரிலேயே இருக்க, மருத்துவர் மருத்துவமனையில் இருந்தபடி காணொளி வழி பேச வேண்டும். இங்கே தடையாக நின்றது வைஃபையின் நடைமுறை விதி.

ஒரு தரவுப் பொதியை அனுப்பிய கருவி, ‘கிடைத்தது’ என்ற ஒப்புகைக்காகக் குறிப்பிட்ட நேரமே காத்திருக்கும். அதற்குள் ஒப்புகை வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். 15 கிலோமீட்டர் சென்று திரும்ப ஒளிக்கே 100 மைக்ரோவினாடி ஆகும். வீட்டுத் தூரத்துக்கு வகுக்கப்பட்ட காத்திருப்பு அதற்குப் போதாது. எனவே ஒழுங்காகச் சென்று சேர்ந்த பொதியும் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டது. ரபின் பாத்ரா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், எரிக் புரூவர் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட வைல்ட்நெட் ஆய்வு, மலிவான வைஃபை வன்பொருளை வைத்துக்கொண்டே இயக்கி மென்பொருளை மட்டும் மாற்றியது. ஒப்புகைகள் தொகுப்பாக அனுப்பப்பட்டன. இரு முனைகளும் நேரம் பிரித்துக்கொண்டு முறைவைத்துப் பேசின. வழக்கமான வைஃபையின் மிகச்சிறந்த அளவைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு செயல்வேகம் கிடைத்தது. இதே காலத்தில் ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகியோர் கிராமப்புற இணைப்புகளுக்காக 2பி என்னும் நெறிமுறையை வடிவமைத்தனர். பின்னர் இருவரும் மும்பை பவாயில் உள்ள ஐஐடி பம்பாயில் பேராசிரியர்களாயினர்.

ஒரு சாதனத்தின் திறன் என நாம் கருதுவதில் பெரும்பகுதி, அதை வடிவமைத்தவர் மனத்தில் கொண்ட வீட்டின் அளவு. அந்த வீடு மாறும்போது மென்பொருளும் மாற வேண்டும் என்பதைத் தேனி காட்டியது.

*

மும்பையில் அந்த வீடு எப்படிப்பட்டது? 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என வரையறுத்தது. 2005இல் எம்டிஎன்எல் தொலைபேசிக் கம்பி வழியே டிரைபேண்ட் சேவையைத் தொடங்கியது. இன்னொரு புறம், வட்டாரக் கேபிள்காரர்கள் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பி இழுத்து இணைப்பு வழங்கினர். ஒரு கம்பியைப் பல கணினிகளுக்குப் பகிர விரும்பியவர், லேமிங்டன் சாலைக் கடைகளில் ஒரு மலிவு ரௌட்டர் வாங்கினார். அக்காலத்தில் பல ரௌட்டர்கள் கம்பியற்ற அலை இயங்கியபடியும் அதற்குக் கடவுச்சொல் இன்றியும் வந்தன. நிர்வாகப் பக்கத்தின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஊருக்கெல்லாம் தெரிந்த ‘அட்மின்’. கம்பியைச் செருகியதும் இணையம் வர வேண்டும், வாடிக்கையாளர் உதவி மையத்துக்குத் தொலைபேசி வரக் கூடாது என்பதே இவ்வமைப்பின் தர்க்கம். பாதுகாப்பைத் தொடக்க நிலையில் அணைத்து வைத்தது விற்பனை முடிவு. அதன் விலையை 2008இல் வேறு எவரோ கொடுத்தனர்.

அரசின் எதிர்வினை உரிமையாளரை நோக்கியே இருந்தது. 2009 ஜனவரியில் மும்பைக் காவல்துறை, பூட்டப்படாத வைஃபை இணைப்புகளைத் தெருத்தெருவாகக் கண்டறிந்து உரிமையாளருக்கு அறிவிப்பு வழங்கும் திட்டத்தை அறிவித்தது. பிப்ரவரி 23 அன்று தொலைத்தொடர்புத் துறை, உரிமம் பெற்ற சேவை நிறுவனங்களுக்கு வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்த அறிவுறுத்தல்களை அனுப்பியது. இவை தேவையற்றவை என்று கூற இயலாது. ஆனால் சட்டத்தின் பார்வை வாங்கியவர் மீதும் இணைப்புத் தருபவர் மீதும் விழுந்தது. பெட்டிக்குள் இருந்த மென்பொருளை எழுதியவரை அது தொடவில்லை. இதே சமயத்தில், 2008 டிசம்பரில், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அமெரிக்காவில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்திருந்தது. லிங்க்சிஸ் பொருள்களில் ஜிபிஎல் நிபந்தனை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. 2009 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது. மும்பையில் பெட்டியின் பொறுப்பு யாருக்கு என்று பேசப்பட்ட மாதங்களில், பெட்டியின் நிரல் யாருக்கு என்பது வேறொரு கண்டத்தின் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. இவ்விரண்டும் ஒரே கேள்வி என்பது அன்று கவனிக்கப்படவில்லை.

அதன் விளைவு மீண்டும் தெரிந்தது. 2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வலைப்பின்னல்களில் ஆலைக் கடவுச்சொல் மாற்றப்படாத மோடங்கள் தீநிரல் தாக்குதலால் முடங்கின. 2018 மே மாதம் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரௌட்டர்களிலும் சேமிப்புச் சாதனங்களிலும் புகுந்திருந்தது. திருத்தம் எழுதப்படாத மென்பொருளைப் பூட்டுப்போட்டுக் காக்க வீட்டுக்காரரால் இயலாது.

*

அடுத்த கட்டத்தில் வேகம் முன்னுக்கு வருகிறது. இதற்கு தாராவியைவிடக் கடினமான சோதனைச்சாலை அரிது. தகரமும் செங்கல்லும் கலந்த சுவர்கள், பத்துக்குப் பத்து அடி அறைகள், ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்த மாடிகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. தொண்ணூறு அடிச் சாலையின் சந்து ஒன்றில் அருகருகே இயங்கும் ரௌட்டர்கள் அனைத்தும் இம்மூன்றையே பங்கிட வேண்டும். 2020 பொதுமுடக்கத்தில் வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் வந்தபோது, ஒரே அறையில் ஒரு பிள்ளை பாடம் கேட்க, மற்றொருவர் காணொளி பார்க்க, பாடம் அறுந்து அறுந்து வந்தது. ‘இணைப்பின் வேகம் போதவில்லை’ என்று கூறி உயர்ந்த கட்டணத் திட்டத்துக்கு மாறுவதே வழக்கமான தீர்வு. குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தது.

முதற்குறை வரிசையில் இருக்கிறது. நினைவகம் மலிவானதால், அனுப்ப வேண்டிய தரவை ரௌட்டர்களும் மோடங்களும் நெடிய வரிசையில் தேக்கி வைத்தன. ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றினால், மற்றவரின் குரல் அவ்வரிசையின் கடைசியில் நின்றது. 2010ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டார். இடைத்தாங்கி வீக்கம் எனலாம். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை முன்வைத்தனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒவ்வொரு பொதியும் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்று அது பார்க்கிறது. இதைப் பல வரிசைகளாகப் பிரித்துச் செய்யும் எஃப்கியூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290 ஆகப் பதிவாயிற்று. டேவ் டாட் முன்னின்று நடத்திய செரோடபிள்யூஆர்டி திட்டத்தில் இவை சோதிக்கப்பட்டு ஓபன்டபிள்யூஆர்டிக்கு வந்தன.

இரண்டாம் குறையைத் தாராவியின் குழாயடி எளிதில் விளக்கும். ஆளுக்கு ஒரு குடம் என்ற முறை நியாயமாகத் தோன்றும். ஆனால் குறுகிய வாய்க் குடத்தோடு ஒருவர் வந்தால், அது நிரம்பும் வரை அனைவரும் நிற்க வேண்டும். வைஃபையும் ஆளுக்கு ஒரு பொதி என்றே முறைவைத்தது. பழைய கைப்பேசி ஒன்று மெதுவாகப் பேசினால், பக்கத்தில் உள்ள விரைவான கருவிகளும் ஏறத்தாழ அதன் வேகத்துக்கே இறங்கின. 2003இல் ஆய்வாளர்கள் இதைச் ‘செயல்திறன் முரண்’ என விவரித்தனர். 2017இல் டோகே ஹொய்லாண்ட்-ஜோர்கென்சன் உள்ளிட்டோர், பொதியை எண்ணாமல் நேரத்தைப் பங்கிடும் முறையை லினக்ஸில் செயல்படுத்திக் காட்டினர். ஆளுக்கு ஒரு குடம் என்பது ஆளுக்கு இவ்வளவு நிமிடம் என்றாயிற்று. சுமை மிகுந்த நேரத்தின் தாமதம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தது; மொத்தச் செயல்வேகம் ஐந்து மடங்கு வரை கூடியது. அச்சோதனையின் களம் ஏத்9கே என்ற இயக்கி. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஆர்740என், 841என் போன்று இந்தியச் சந்தையில் பரவலாக விற்ற மலிவு ரௌட்டர்களின் ஏதெராஸ் சில்லுகளை இயக்கியது அதுவே. மிக மலிவான பெட்டிக்குத் தேவையான மருந்து, அப்பெட்டியின் சில்லுக்கே எழுதப்பட்டது. ஆலை ஃபர்ம்வேரை மாற்றாதவருக்கு அது எட்டவில்லை.

மாற்று ஃபர்ம்வேர் மந்திரம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 400 மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிறு செயலி, இவ்வரிசை ஒழுங்கைச் சில பத்து மெகாபிட் வேகம் வரையே தாங்கும். பொதிகளின் முகவரி மாற்றும் வேலையை விரைவுபடுத்தும் தனி வன்பொருள் வசதியை ஆலை மென்பொருள் பயன்படுத்திக்கொள்ளும். திறந்த மென்பொருளுக்கு அதன் விவரம் கிடைக்காமல் போவதுண்டு. 100 மெகாபிட் இணைப்பில் மாற்றப்பட்ட பெட்டி வேகச்சோதனையில் தோற்று, நேரலை வகுப்பில் வெல்லக்கூடும். பதிக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி செங்கல்லாகவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட மேற்சொன்ன மாதிரிகளுக்கு ஓபன்டபிள்யூஆர்டியின் 19.07 வரிசையோடு ஆதரவு முடிந்தது. அவ்வரிசையின் இறுதி வெளியீடு 2022 ஏப்ரலில் வந்தது. உற்பத்தியின்போது மிச்சப்படுத்திய சில மெகாபைட்டுகள் பெட்டியின் ஆயுளைத் தீர்மானித்துவிட்டன.

*

இதற்கிடையே சட்டம் மறுபுறத்திலிருந்து வந்தது. அனுமதிக்கப்பட்ட அலை ஆற்றலைப் பயனர் மீறலாம் என்ற கவலையில், 2015இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ரௌட்டர்களின் அலை மென்பொருளைப் பூட்டக் கோரியது. சில்லின் அலைப்பகுதியை மட்டும் பூட்டுவதைவிட முழுப்பெட்டியையும் பூட்டுவது உற்பத்தியாளருக்கு மலிவு. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் ஆணையத்தோடு செய்துகொண்ட சமரசத்தில் இரண்டு லட்சம் டாலர் தண்டம் செலுத்தியது; அதோடு, திறந்த மூலக் குழுக்களோடு இணைந்து மாற்று ஃபர்ம்வேருக்கு வழிசெய்ய முயல்வதாகவும் ஒப்புக்கொண்டது. அலையைக் காப்பதும் உரிமையாளரின் உரிமையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு அவ்வொப்பந்தம் சான்று.

இன்றைய மும்பையில் கேள்வி இன்னும் கூர்மையாகியுள்ளது. ஒளியிழை இணைப்போடு சேவை நிறுவனமே பெட்டியைத் தருகிறது; டிஆர்-069 போன்ற நெறிமுறைகள் வழியே தொலைவிலிருந்து அதை நிர்வகிக்கவும் முடியும். மாட்டுங்காவிலோ செம்பூர் செடா நகரிலோ பெட்டி வீட்டுக்குள் இருக்கிறது; அதன் முழு நிர்வாக உரிமை பல வேளைகளில் வீட்டுக்குள் இல்லை. 2022 ஜூலையில் நடுவணரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியன முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. திருகாணியைக் கழற்றும் உரிமையோடு மென்பொருளைப் புதுப்பிக்கும் உரிமையும் அப்பட்டியலில் பேசப்பட வேண்டும். 2024 இறுதியில் ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் தன் பெயரிலேயே ஒரு ரௌட்டரை வெளியிட்டது. கூட்டோடு விலை 89 டாலர். மாற்றும் உரிமையோடு ஒரு பெட்டியைச் செய்ய இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. அவ்விலை தாராவியின் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது என்பதும் உண்மை.

தாராவியின் 13 காம்பவுண்டு, நகரம் எறிந்த நெகிழியைத் தரம் பிரித்து மீண்டும் மூலப்பொருளாக்கும் இடம். அங்கே எப்பொருளும் எளிதில் கழிவு என ஒதுக்கப்படுவதில்லை. சில்லும் ஆன்டெனாவும் நன்றாக இருந்தும், திருத்தம் எழுதுவாரின்றிக் கைவிடப்படும் ரௌட்டருக்கு உடைத்து உருக்கப்படுவதைத் தவிர வேறு மறுவாழ்வு அமைவதில்லை. 2003இல் உரிம ஆவணத்தின் ஒரு நிபந்தனை அந்த வாய்ப்பைத் தந்தது. 2008இல் மாட்டுங்காவும் செம்பூரும் அது இல்லாததன் விலையைக் காட்டின. பெட்டிக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்று சட்டம் சொல்லுமானால், பெட்டியின் மென்பொருளைப் பார்க்கவும் மாற்றவும் அவருக்கு உரிமை உண்டு என்பதையும் அதே சட்டம் சொல்ல வேண்டும். முதல் பாதி 2009இலேயே எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் பாதி இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.